பலகையில் ஐம்பத்தொன்பது

1997 நவம்பர் 19, புதன்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். வாடைக்காற்று. முதல் நாள் கொட்டிய மழை முழுதாக ஓயாமல் தூறலாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது. வாவி நிரம்பி, எங்கள் துறையின் பதினொரு படிகளில் எட்டை விழுங்கியிருந்தது. நான் கையில் வெண்கட்டியோடு கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஐம்பத்தெட்டை அழித்துவிட்டு ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். முப்பத்துமூன்று வருடச் சேவையில் நான் செய்த மிக மோசமான வேலை அதுதான். எழுதி முடிக்க ஐந்து வினாடிகூடப் பிடித்திருக்காது.

வாவி கடக்கும் பாதைகளின் துறைகளுக்குப் புதிதாக மேற்பார்வையாளர்களாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு படிவம். சென்ற மாதம் உங்கள் பயிற்சி நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். குடியிலிருந்தும் ஹெரோயின் தூளிலிருந்தும் மீண்டு வேலைக்குத் திரும்புகிறவர்களை எப்படித் தாங்கிக்கொள்வது என்பது பேச்சு. நல்ல விஷயம்தான். எங்கள் காலத்தில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. மண்டபத்தில் நீங்கள் இருபத்திரண்டு பேர், மேசைகளில் அறுபத்துநான்கு தண்ணீர்ப் போத்தல்கள், ஆளுக்கொரு படிவம். படிவத்தில் பதினான்கு நிரல்கள். ஒன்பதாவது நிரலை இரண்டு தரம் வாசித்தேன். “போதைப்பொருள் பாவிக்காத நாட்களின் எண்ணிக்கை. வாரந்தோறும் அறிவித்தல் பலகையில் இடப்படல் வேண்டும்.” எழுந்து பேச ஐந்து நிமிடம் தந்தார்கள். அதில் நான்கை ஆத்திரத்தில் இருமியே செலவழித்தேன். ஆகவே எழுதுகிறேன்.

அந்த நிரலை உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவன் நான். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

பாலம் வந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதை என்பது இரண்டு இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, பின்னால் இயந்திரம் பூட்டியது. நாற்பது பேர் ஏறலாம், நான்கு மோட்டார் சைக்கிள் ஏற்றலாம். வாவியைக் கடக்கப் பதினாறு நிமிடம். எங்கள் துறை கிழக்கே எழுவான்கரையில், இராணுவக் காவலரணுக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரே மேற்குக் கரை, படுவான்கரை, இயக்கத்தின் கையில். நடுவில் தண்ணீரில் இராணுவத்தினர் சிவப்புத் துணி கட்டிய பன்னிரண்டு கம்புகள் நட்டிருந்தார்கள். கம்பு வரிசைக்குத் தெற்கே பாதை போனால் சுடுவோம் என்று எழுத்திலேயே தந்திருந்தார்கள். துறை மேற்பார்வையாளராக அந்தக் கடதாசியை நான்தான் கையெழுத்திட்டு வாங்கினேன்.

பாதையை ஓட்டியவன் சாமித்தம்பி. முப்பத்தாறு வயது, சுக்கான் பிடித்துப் பதினொரு வருடம். துறையில் கட்டியிருந்த டயரில் இடிக்காமல் பாதையை அணைக்கத் தெரிந்தவர்களை நான் மூன்று பேரைத்தான் கண்டிருக்கிறேன். இவன் அதில் முதலாவது. குடிப்பான். அவன் குடிக்கப் பழகியது எங்கே தெரியுமா? கள்ளுக்கொட்டிலில் இல்லை. வேலையில்.

நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் படுவான்கரை வீடுகளுக்கு எங்கள் பாதையில்தான் கொண்டுபோவார்கள். அப்படிப் பிணம் ஏறினால் வீட்டுக்காரர் ஓட்டுநரின் காலடியில் ஒரு போத்தல் சாராயம் வைப்பது எங்கள் துறையின் வழமை. நடு வாவியில் மூடி திறந்து முதல் ஊற்று தண்ணீருக்கு, மிச்சம் ஓட்டுநருக்கும் கயிறு பிடிப்பவருக்கும். மறுக்கக்கூடாது. மறுத்தால் செத்தவர் கரையேறாமல் திரும்பவும் வாவி கடக்க வருவாராம். பிணப்போத்தல் என்று அதற்குப் பெயரே இருந்தது. 1990இல் மட்டும் நாற்பத்தொரு பிணங்கள் கடந்ததாக என் நாட்குறிப்பு சொல்கிறது. பெரும்பாலும் சாமித்தம்பியின் முறையில். அந்தப் போத்தல்களை எந்த அலுவலகமும் எண்ணவில்லை. வேலையே ஒரு மனிதனுக்கு ஊற்றி ஊற்றிக் கொடுத்தது. பிறகு அதே வேலை அவனைக் குடிவெறிகாரன் என்றது. அப்படிச் சொன்னவர்களில் நான் முதல் ஆள். மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் எழுதினேன், மூன்றுக்கும் பிரதி வைத்தேன்.

97 ஆவணியில் அவனாகவே வந்தான். “சேர், சுக்கான் ரெண்டாத் தெரியிது. லீவு தாங்க, ஆஸ்பத்திரிக்குப் போப்போறன்” என்றான். மனைவி கூட்டிக்கொண்டு போனாள். ஐந்து வாரம் வார்ட்டில் இருந்தான். செப்டெம்பர் 22, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினான். மெலிந்திருந்தான், கண் வெள்ளையாக இருந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இவனை விழவிடக்கூடாது என்று தீர்மானித்தேன். பிணம் வந்தால் மற்ற ஓட்டுநர்தான் போகவேண்டும் என்று உத்தரவு போட்டேன். அது சரியான உத்தரவு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் எண்ணிப் பழகியவன். படியை எண்ணுவேன், ஏறுகிற தலைகளை எண்ணுவேன். பாதை நேரங்கள் எழுதிய கரும்பலகையின் இடது மூலையில், அவன் பெயரைப் போட்டு, கீழே 1 என்று எழுதினேன். மறுநாள் 2. ஆஸ்பத்திரி நாட்களைச் சேர்க்கவில்லை. அங்கே கதவில் பூட்டு இருந்ததே, அது கணக்காகுமா என்பது என் வாதம். எப்படிப்பட்ட மூளை பாருங்கள்.

பலகை துறையின் வாசலில் இருந்தது. ஏறுகிற ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். உலகக் கிண்ணம் வந்த அடுத்த வருடம் அது. எல்லார் வாயிலும் கிரிக்கட். கயிறு பிடிக்கிற நல்லதம்பிதான் தொடங்கினான். “பன்ரெண்டு நொட் அவுட்!” என்று கத்திக்கொண்டு கயிற்றை அவிழ்ப்பான். பிறகு பயணிகளும் பிடித்துக்கொண்டார்கள். காவலரணில் நின்ற சிங்களச் சிப்பாய்கூட அடையாள அட்டையைப் பார்க்கும்போது, “மாத்தயா, இன்னைக்கி எவ்வளவு?” என்று என்னிடம் கேட்பான். நான் சொல்வேன். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். ஊரும் சேனையும் சேர்ந்து ஒரு மனிதனுக்குக் கைகொடுக்கிறது என்று நான் உள்ளுக்குள் பூரித்தேன். நவம்பர் 10 அன்று ஐம்பது வந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். நாற்பது பேர் கைதட்டினார்கள். சாமித்தம்பி பிடரியைத் தடவிக்கொண்டு பல்லைக் காட்டினான். அதைச் சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கைதட்டாமல் நின்றவர் ஒருவர் உண்டு. இயந்திரம் பழுதானால் நாங்கள் கூப்பிடுகிற காத்தான்குடி மெக்கானிக். பெயரைப் போடவேண்டாம் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டிருப்பதால் காக்கா என்றே சொல்கிறேன்; முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். படுவான்கரைப் பக்கம் அவர் கால் வைப்பதில்லை, இயக்கத்துக்கும் முஸ்லிம்களுக்கும் பகை இருந்த காலம் அது. இக்கரையில் இருந்தே எங்கள் இயந்திரங்களை உயிரோடு வைத்திருந்தார். அன்று கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“சேர், கிரிக்கட் பாப்பீங்களா?”

“ரேடியோவில கேப்பன்.”

“அவுட்டானவன் என்ன செய்வான்?”

“வெளிய போவான். இதென்ன கேள்வி காக்கா?”

“இந்தத் தம்பி அவுட்டானா எங்க சேர் போறது? வாவிக்குள்ளயா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன், விழுவான் எண்டே முடிவு கட்டிட்டீங்களா?”

“விழாம இரிந்தா அல்லாஹ்ட உதவி. விழுந்தா என்னெண்டுதான் கேக்குறன். என்ட தம்பி தூள் அடிச்சவன், ஒங்களுக்குத் தெரியும். இப்ப என்ட கராஜ்லதான் நிக்கான். நான் அவன்ட நாள எண்ணுறல்ல. ஒரே ஒரு சட்டம். விழுந்தா விடிய வந்து எனக்கிட்ட வாயால செல்லணும். சென்னா, அண்டைக்கு ஸ்பனர் இல்ல, தும்புத்தடி. கராஜக் கூட்டுவான். கூலியில வெட்டு இல்ல, ஏச்சும் இல்ல. செல்லாம ஸ்பனரத் தொட்டாத்தான் குத்தம்.”

“இது அரசாங்க வேலை காக்கா. கராஜ் இல்ல.”

“ஓம் சேர். கராஜ்ல பலகையும் இல்ல” என்றார். போய்விட்டார்.

எட்டு நாட்களின் பின், நவம்பர் 18 செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிணம் வந்தது. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண், இருபத்துமூன்று வயது. தகப்பன் கூட வந்திருந்தார். மற்ற ஓட்டுநர் மூன்று நாளாக மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்தான். ஆறு மணிக்குப் பிறகு பாதை ஓடத் தடை. மழை கொட்டுகிறது. சாமித்தம்பியைத்தான் அனுப்பவேண்டும். அதில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை, இன்றைக்கும் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். தவறு அடுத்த நிமிடத்தில் நடந்தது. தகப்பன் மடியிலிருந்து போத்தலை எடுத்தார். நான் குறுக்கே போய் அதைப் பறித்தேன்.

“என்ன சேர் இது?” என்றார் அவர்.

“இவர் குடிக்கிறல்ல. பலகையப் பாருங்க, அம்பத்தெட்டு நாள்!”

“என்ர புள்ள ரெண்டு தரம் வாவி கடக்கோணுமா? நீங்க என்ன மனிசன்?”

சாமித்தம்பி பிணத்துக்கும் எனக்கும் நடுவில், மழையில், தலையைக் குனிந்தபடி நின்றான். நான் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டேன். பாதை போனது. வெற்றி பெற்றவனைப்போல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அக்கரையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இறங்கியதும் அந்தத் தகப்பன் ஊருக்குள் ஆளனுப்பி வேறு போத்தல் எடுப்பித்திருக்கிறார். மூடியில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறார். “தம்பி, நீ வாயில வைக்காட்டி என்ர புள்ள கரையேறமாட்டாள்.” சாமித்தம்பி வாங்கிக் குடித்தான். ஒரு மூடி. அதற்குமேல் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். எண்ணிப் பாருங்கள்: பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு முன்னால் ஒரு தகப்பன் அழுகிறான், அவன் ஒரு மூடியோடு நிறுத்திக்கொள்கிறான். அதற்கல்லவா நான் கைதட்டியிருக்க வேண்டும்!

மறுநாள் காலை ஆறு இருபது. தொடக்கத்தில் சொன்ன நேரம். நான் ஐம்பத்தொன்பதை எழுதி, வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டுத் திரும்புகிறேன். அவன் பின்னால் நிற்கிறான்.

“சேர், ஒரு கதை கதைக்கோணும்.”

“சொல்லு.”

பலகையைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தான். “தனிய.”

“முப்பத்தெட்டுப் பேர் நனையிறாங்க. கதையெல்லாம் மறுகா. பாதைய எடு.” அவன் கையைப் பிடித்து எல்லாரும் பார்க்கக் குலுக்கினேன். “நாளைக்கு அறுபது. ஞாபகம் இரிக்கட்டும்!”

நல்லதம்பி கயிற்றோடு நின்று கூவினான். “அம்பத்தொம்பது நொட் அவுட்! மச்சான், சதம் அடிச்சாக் கார் தருவாங்கடா! என்னையும் ஏத்திக்க!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாமித்தம்பி போய்ச் சுக்கானைப் பிடித்தான். அவன் என்ன கதைக்க வந்தான் என்று நான் திரும்பக் கேட்கவில்லை. அன்று காலை ஆறு நடைகள். ஆறு தரம் அவன் என் மேசையைக் கடந்து போயிருக்கிறான். ஆறு தரமும் நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாட்டுக்குப் போனான். இரண்டு மணிக்கு வந்து நேரே பாதைக்குள் ஏறிவிட்டான், என் பக்கம் வரவில்லை. இரண்டு நாற்பதுக்கு முப்பத்தாறு பேரோடு பாதை புறப்பட்டது. காற்று வலுத்திருந்தது. காக்கா படியில் குந்தி உபரி இயந்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். திடீரென்று கையை நிறுத்தித் தலையைச் சரித்துக் கேட்டார்.

“சேர், இது அவன்ட கை இல்ல.”

பார்த்தேன். ஐந்தாவது கம்புக்குப் பிறகு பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே ஒதுங்கியது. ஆறாவது கம்பு வலதுபக்கம் போய்விட்டது. நான் கத்தினேன். தொள்ளாயிரம் மீட்டர் வாவியில் என் கத்தல் யாருக்குக் கேட்கும்? காவலரணிலிருந்து முதல் வெடி. தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. பாதையில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நான்காவது வெடி மிதவையின் இரும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நல்லதம்பி தவழ்ந்து போய்ச் சாமித்தம்பியைத் தள்ளிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தி, தன் சட்டையைக் கழற்றி உயர்த்திக் காட்டினான். காலையில் நொட் அவுட் என்று கூவிய அதே வாயால் “சுடாதீங்க, சுடாதீங்க” என்று அழுதானாம். நாங்கள் படகில் போய்ச் சேர்ந்தபோது சாமித்தம்பி சுக்கானுக்கடியில் சுருண்டு கிடந்தான். கசிப்பு மணத்தது, கள்ளச்சாராயம்.

யாரும் சாகவில்லை. நெரிசலில் ஓர் ஆசிரியையின் மணிக்கட்டு முறிந்தது. சாமித்தம்பியைக் காவலரணுக்குக் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் விட்டார்கள். அந்த மூன்று நாட்களைப் பற்றி அவன் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

விசாரணை டிசம்பர் 11, வியாழக்கிழமை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கரும்பலகையைக் கழற்றி, எழுத்து அழியாமல் அரிசிச் சாக்கால் மூடி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனேன். நான்கு சோதனைச் சாவடிகளில் இறக்கி, சாக்கை விலக்கி, இது என்ன இலக்கம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். நான் கவனமாக இருந்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி. விசாரித்த மூன்று பேரும் பலகையை நன்றாகப் பார்த்தார்கள். குடித்த குற்றத்துக்குத் தண்டனை சம்பள வெட்டு அல்லது இடமாற்றத்தோடு போயிருக்கும். ஆனால் பலகையில் ஐம்பத்தொன்பது இருந்தது. அவனே ஒப்புக்கொண்டபடி முதல் நாளே குடித்துவிட்டு, இந்த இலக்கத்துக்கு முன்னால் நின்று, கை குலுக்கி, மறைத்திருக்கிறான். அப்படியானால் அது ஏமாற்று.

“நீர் இதை மறைத்தீரா?” என்று அவனிடம் கேட்டார்கள்.

“ஓம் சேர்.”

“அன்று காலை இவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?” என்று என்னிடம் கேட்டார்கள்.

சாமித்தம்பி என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். ஒரே தரம்.

“இல்லை” என்றேன்.

அது பொய்யில்லை என்று இருபத்தைந்து நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லவில்லைதானே, சொல்லத்தானே வந்தான். அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். நான் பலகையைத் திரும்பவும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து அதே ஆணியில் மாட்டினேன்.

ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. நோன்புக் காலம். விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் காக்கா இயந்திரத்துக்குள் தலையை விட்டபடி இருந்தார். தலையை வெளியே எடுக்காமலே பேசினார்.

“சேர், அண்டைக்கு விடிய அவன் ஒங்களோட தனியக் கதைக்கணுமிண்டான். நான் படியில நிண்டன், எனக்குக் கேட்டிச்சி. என்ன கதை சேர் அது?”

“எனக்குத் தெரியாது காக்கா.”

இப்போது தலையை எடுத்தார். “தெரியாதா, கேக்கல்லயா?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தொழப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்றே வசனங்கள். அன்று காலை அவர் என்னிடம் தனியாகப் பேசக் கேட்டார். நான் மறுத்து, பாதையை எடுக்கும்படி உத்தரவிட்டேன். விசாரணையில் இதைச் சொல்லாமல் விட்டது என் குற்றம். எழுதுவதற்கு நான்கு மணித்தியாலம் எடுத்தது. அதற்கும் பிரதி வைத்திருக்கிறேன்.

பெப்ரவரியில் இரண்டு உத்தரவுகள் ஒரே உறையில் வந்தன. எனக்குச் சம்பளத்தில் இரண்டு படி குறைப்பு. அவனுக்கு ஓட்டுநராக இல்லை, கயிறு பிடிப்பவனாக மீண்டும் வேலை. 16ஆம் திகதி, திங்கட்கிழமை, நல்ல வெயிலில் வந்தான். வாவி வற்றிப் பதினொரு படிகளில் ஏழு வெளியே தெரிந்தன. சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தான்.

“பலகை எங்க சேர்?”

“உடைச்சுத் தேத்தண்ணி வைச்சம்.”

ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு எனக்கு அதுவரை விளங்காமல் இருந்த விஷயத்தை அவனாகவே சொன்னான். “ஒரு மூடிக்கும் அந்த இலக்கம் அழிஞ்சிரும் சேர், ஒரு போத்தலுக்கும் அழிஞ்சிரும். அப்ப மூடியோட ஏன் நிக்கிற எண்டு பட்டுது. சொல்ல வந்தன். நீங்க கையக் குலுக்கிட்டீங்க.”

“ஓம்” என்றேன். விசாரணையில் அவன் சொன்ன அதே ஓம்.

“இனி எத்தினையில இருந்து துவங்கிற சேர்?”

“கயித்தில இருந்து துவங்கு. நனைஞ்சு கிடக்கு, காயப் போடு.”

காக்காவின் சட்டத்தை அன்றே அவனுக்குச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு என் அறைக் கதவு சாத்தியிருக்கும், தட்டு, விழுந்திருந்தால் சொல், அன்று பாதையில் ஏறாதே, படியைக் கழுவு, சம்பளம் வெட்டப்படாது, தாளில் எழுதப்படாது. ஏப்ரலில் ஒருநாள் தட்டினான். “சேர், ராவு விழுந்திட்டன்.” எனக்கு வாய்வரை ஏச்சு வந்தது, விழுங்கினேன். தும்புத்தடியைக் கொடுத்தேன். பதினொரு படியையும் பாசி போகத் தேய்த்தான். மறுநாள் கயிற்றைப் பிடித்தான்.

பிணப்போத்தலுக்கு வழி சொன்னதும் அவன்தான். “முழுசா வாவிக்கே ஊத்தச் சொல்லுங்க சேர். வீட்டுக்காரர் தங்கட கையால ஊத்தட்டும். வாவிக்கு வெறிக்காது.” முதலில் சனம் முகம் சுளித்தது. நான் ஒவ்வொரு பிணத்தோடும் நானே ஏறி நடு வாவிவரை போனேன். எல்லார் முன்னாலும் நானும் கும்பிட்டேன். யாரும் திரும்பவும் வாவி கடக்க வரவில்லை.

ஆகவே பிள்ளைகளே, அந்த ஒன்பதாவது நிரலை வெட்டுங்கள். மேலிடம் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், எனக்கு இனிக் குறைக்க ஒரு படியும் இல்லை. ஒருவன் விழாமல் இருக்கிறானா என்று பார்ப்பது உங்கள் வேலையில்லை. அதை அவன் மனைவி பார்ப்பாள், அவனே பார்ப்பான். விழுந்த காலையில் அவன் உங்களிடம் வரக்கூடியதாக இருக்கிறதா, அதுதான் உங்கள் வேலை. அவன் வந்து ‘ஒரு கதை’ என்று சொல்லும்போது முப்பத்தெட்டுப் பேரும் நனையட்டும். நனைந்தால் காய்ந்துவிடுவார்கள். உங்களுடைய வேலை அவனுக்கு எங்கே ஊற்றிக் கொடுக்கிறது என்று முதலில் தேடுங்கள். எல்லா இடத்திலும் ஒரு பிணப்போத்தல் இருக்கும், அதற்கு வேறு பெயர் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு படிவமாவது அச்சடித்தார்களா? இல்லை. இலக்கம் எழுதுவது சுகம். எழுதுகிறவனுக்குச் சுகம்.

2001 டிசம்பரில் ஓய்வு பெறும்போது நான் கடைசியாகக் கையெழுத்திட்டது, சாமித்தம்பிக்குச் சுக்கானைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சிபாரிசு. கொடுத்தார்கள். அதற்கிடையில் எத்தனை நாட்கள் அவன் குடிக்காமல் இருந்தான், எத்தனை காலை என் கதவைத் தட்டினான் என்று எனக்குத் தெரியாது. என் ஆயுளில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

என் பக்கத்துக் கணக்கு மட்டும் இருக்கிறது. இரண்டு படி என்றால் மாதம் நூற்றெழுபது ரூபாய். 1998 பெப்ரவரி முதல் ஓய்வு பெறும்வரை நாற்பத்தேழு மாதம். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய். அது சரியான தண்டனை, கட்டிவிட்டேன், மனத்தாங்கல் இல்லை. அதோடு அந்தப் பலகையில் எழுதுவதற்கென்று நானாகவே கடைக்குப் போய், என் சொந்தக் காசில் வாங்கிய வெண்கட்டிப் பெட்டி ஒன்று. இன்றைக்கும் வயிறு எரிவது அதற்குத்தான். பன்னிரண்டு ரூபாய் ஐம்பது சதம்.